கைபேசிக்கும் ஒரு கணக்கு

(அங்கத்தினர் கல்விப் பகுதி: ஆய்வு வட்டங்களில் கூடிப் படித்துக் கலந்துரையாடுவதற்குரிய பாடம்)

கூட்டுறவுச் சங்கத்தில் சேரும் ஒருவர் முதன்முதலாகக் கற்றுக்கொள்வது கணக்கு. எவ்வளவு நூல் வாங்கினோம், எத்தனை சேலை கொடுத்தோம், கூலியில் சேமிப்புக்கு எவ்வளவு பிடித்தம் ஆயிற்று என்பனவற்றை நெசவாளர் தம் பாஸ் புத்தகத்தில் பார்த்து அறிகிறார். விதை, உரம், ஆட்கூலி, விற்ற மூட்டை ஆகியவற்றை விவசாயி குறித்து வைக்கிறார். எழுதி வைக்காத செலவு கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத செலவைக் குறைக்கவும் இயலாது. இது நாம் யாவரும் அனுபவத்தில் அறிந்த உண்மை.

ஆனால் தற்காலத்தில் நம் வீடுகளில் நடைபெறும் ஒரு பெருஞ்செலவுக்கு மட்டும் எவரும் கணக்கு வைப்பதில்லை. கைபேசியில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலிய சமூக ஊடகங்களைப் பார்ப்பதில் செல்லும் பொழுதும், அதனால் உடலிலும் உள்ளத்திலும் உண்டாகும் மாறுதலுமே அச்செலவு. மாதாந்தர ரீசார்ஜ் தொகையை நாம் அறிவோம். கண்ணும் கழுத்தும் உறக்கமும் மன அமைதியும் கொடுத்த தொகையை அறியோம்.

கைபேசியைப் பழிப்பது இப்பாடத்தின் நோக்கமன்று. அதனால் நமக்கு வந்த நன்மைகள் பல. மஞ்சளின் விலையை ஈரோட்டுக்குப் போகாமலே அறிகிறோம். மழை அறிவிப்பு வயலுக்கே வருகிறது. தறியில் இருக்கும் சேலையைப் படம் எடுத்துத் தொலைதூரத்தில் உள்ளவருக்குக் காட்டி விற்க முடிகிறது. இவை வரவு. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத ஏட்டைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். செலவுப் பக்கத்தை எழுதக் கற்பதே இன்றைய பாடம்.

1. கருவியின் இயல்பு

ஃபேஸ்புக் 2004-ஆம் ஆண்டிலும், யூடியூப் 2005-ஆம் ஆண்டிலும், வாட்ஸ்அப் 2009-ஆம் ஆண்டிலும், இன்ஸ்டாகிராம் 2010-ஆம் ஆண்டிலும் தோன்றின. இவற்றைச் சாதாரணமாகப் பயன்படுத்துவதற்கு நாம் கட்டணம் செலுத்துவதில்லை. எனினும் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் யூடியூபும் பெரும் வருவாய் ஈட்டுகின்றன. அவ்வருவாயின் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது. விளம்பரம் செய்பவருக்கு விற்கப்படும் சரக்கு யாது? நம்முடைய கவனமே. செய்தி பெருகப் பெருக, அதைப் பெறுவோரின் கவனம் அருகிப்போகும் என்பதை ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1971-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். அருகிப்போன பொருளுக்கு விலை ஏறுவது சந்தையின் இயல்பு. ஆகவே நம் கவனத்தை எவ்வளவு நேரம் பிடித்து வைக்க இயலுமோ அவ்வளவு நேரம் பிடித்து வைக்கும்படி இக்கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன.

அவ்வமைப்பில் இரண்டு கூறுகளை மட்டும் இங்கே விளக்குவோம்.

முதலாவது, முடிவின்மை. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கூத்துக்கு மங்களம் உண்டு. நாடாவில் உள்ள தார் தீர்ந்தால் நெய்பவர் கை நிறுத்தித் தலை நிமிர்வார். அந்தச் சிறு நிறுத்தத்தில்தான் தாகம் தெரியும், முதுகு வலி தெரியும், பொழுது சாய்ந்தது தெரியும். கைபேசித் திரையிலோ விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும். முடிவில்லாமல் உருளும் இப்பக்க முறையை 2006-ஆம் ஆண்டில் வகுத்தவர் ஆசா ராஸ்கின் என்பவர். அது மனிதர்க்கு விளைத்த தீங்கைப் பின்னாளில் அவரே வருந்திப் பேசியிருக்கிறார்.

இரண்டாவது, எதிர்பாராத பரிசு. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், ஒரு பெட்டிக்குள் புறாவை வைத்து, அது பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும்படி செய்தார். குறித்த எண்ணிக்கைக்கு ஒரு முறை தானியம் விழுந்தால், புறா உண்டபின் சற்று ஓய்ந்து மீண்டும் கொத்தியது. எத்தனையாவது கொத்தில் விழும் என்பதே தெரியாதபடி செய்தபோது, அது ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது; தானியம் நின்ற பிறகும் நெடுநேரம் விடவில்லை. இவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து அவரும் ஃபெர்ஸ்டர் என்பவரும் 1957-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். நாம் கைபேசியைத் திறக்கும்போதும் ஒரு வேளை நல்ல செய்தி இருக்கும், ஒரு வேளை ஒன்றும் இராது. இராமற்போவதுதான் நம்மை மீண்டும் திறக்கச் செய்கிறது.

இதற்கு மூளையிலும் ஓர் ஏற்பாடு உண்டு. மூளையின் நரம்புகள் தமக்குள் செய்தி கடத்தும் பொருள்களில் டோபமின் ஒன்று. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்பவர் 1990-களில் குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, பழச்சாறு எதிர்பாராமல் கிடைத்த வேளையில் டோபமின் நரம்புகள் கிளர்ந்தன. சாறு வரும் என்பதை அறிவிக்கும் குறி பழகிய பின்னரோ, அக்குறியைக் கண்டவுடனே கிளர்ந்தன. சாறு வந்தபோது கிளரவில்லை. குறியைக் கண்ட பின் சாறு வராவிடில், அவை வழக்கமான அளவிலும் தாழ்ந்தன. கைபேசியின் அறிவிப்பு ஒலி கேட்டவுடன் மனம் துள்ளுவதும், திறந்து பார்த்த பின் ஏதோ சுவையற்றுப்போவதும் ஏன் என்பதை இதனால் ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம்.

இவற்றை அறிந்துகொள்வதால் ஒரு நன்மை உண்டு. கைபேசியை விட முடியாதவர் தம்மை மனவுறுதி அற்றவர் என்று இகழ்ந்துகொள்ளத் தேவையில்லை. அது திறமையாக அமைக்கப்பட்ட பொறி. பொறியின் அமைப்பைக் கற்ற பின் அதனை இயக்கவும் நிறுத்தவும் பழகலாம்.

2. உடல் கூறுவன

பாவில் ஓர் இழை தளர்ந்தால் நல்ல நெசவாளரின் கை அதைக் கண்ணுக்கு முன்பே உணரும். பயிர் வாடுவதற்கு முன் இலையின் நிறம் மாறுவதை நல்ல விவசாயி காண்பார். அந்தக் கூர்மையைத் தம் உடலின்மேல் செலுத்தினால் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொருவரும் கண்டறியலாம்.

கண். சாதாரணமாக நாம் நிமிடத்திற்குப் பதினைந்து இருபது முறை இமைக்கிறோம். திரையை உற்று நோக்குங்கால் இது பாதிக்கும் கீழே குறையக்கூடும். இமை கண்ணை நனைக்கும் கருவியாதலால், இமைப்பு குறைந்தால் கண் உலரும். எரிச்சலும் மங்கலும் உண்டாகும். நெசவாளருக்குக் கண்ணே மூலதனம். பகலெல்லாம் நுண்ணிய இழையைப் பார்த்த கண்ணுக்கு ஓய்வு என்று எண்ணி இரவில் திரையைக் கொடுப்பது, உழுது களைத்த மாட்டை அவிழ்த்து வண்டியில் பூட்டுவதை ஒக்கும். இருபது நிமிடத்திற்கு ஒரு முறை இருபது அடி தொலைவில் உள்ள பொருளை இருபது விநாடி நோக்குமாறு கண் மருத்துவர்கள் கூறுவர். இது தறிக்கும் திரைக்கும் பொதுவான நல்வழக்கம்.

கழுத்து. தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. நிமிர்ந்திருக்கையில் அவ்வளவே கழுத்தெலும்பு தாங்கும். தலை முன்னே சாயச் சாயப் பாரம் ஏறும். 2014-ஆம் ஆண்டில் ஹன்ஸ்ராஜ் என்னும் அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் வெளியிட்ட கணக்கின்படி, தலை 15 பாகை சாய்ந்தால் 12 கிலோவும், 30 பாகை சாய்ந்தால் 18 கிலோவும், 60 பாகை சாய்ந்தால் 27 கிலோவும் போன்ற பாரம் கழுத்தின்மேல் விழும். இது கணித முறையில் மதிப்பிட்டதே. ஆயினும் குழித்தறியில் குனிந்திருப்பவரும், நாற்று நடக் குனிந்திருப்பவரும், மாலையில் மீண்டும் குனிந்து கைபேசி பார்த்தால் என்ன ஆகும் என்பதை அவரவர் பிடரியைத் தடவிப் பார்த்தே அறியலாம்.

மூச்சு. இதைப் பலரும் கவனித்திரார். கடிதம் ஒன்றைத் திரையில் திறக்கும்போது பலர் தம்மை அறியாமல் மூச்சை நிறுத்தி வைக்கிறார்கள் என்பதை லிண்டா ஸ்டோன் என்னும் அமெரிக்கப் பெண்மணி முதலில் தம்மிடமும் பின்பு பிறரிடமும் கண்டு 2008-ஆம் ஆண்டில் எழுதினார். அடுத்த முறை, வரவேண்டிய பணத்தைப் பற்றியோ, நோயுற்ற உறவினரைப் பற்றியோ செய்தி வந்து திறக்கும் வேளையில், மூச்சு எங்கே நிற்கிறது, தோள் ஏறியிருக்கிறதா, பல் கடித்திருக்கிறதா, வயிறு இறுகியிருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

உறக்கம். பொழுது அடங்கியபின் மூளையில் மெலடோனின் என்னும் பொருள் சுரந்து உடலை உறக்கத்துக்கு ஆயத்தம் செய்கிறது. ஒளி அதனைத் தடுக்கும். 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், படுக்குமுன் ஒளிரும் திரையில் நூல் படித்தவர்களுக்கு, அச்சு நூல் படித்தவர்களைவிட மெலடோனின் குறைந்தது. உறக்கம் வருவது ஏறக்குறைய பத்து நிமிடம் தாமதித்தது. மறுநாட்காலையில் விழிப்பும் மந்தமாயிற்று. அவர்கள் படித்தது அமைதியான நூல். நாம் பார்ப்பதோ சண்டையும் சிரிப்பும் வதந்தியும் கலந்தது. திரையின் ஒளியைக் குறைத்தால் மட்டும் இக்குறை தீராது. உறக்கம் கெட்டவர் கையில் மறுநாள் இழை அறுவது மிகுதி. விவசாயியோ மின்சாரம் வரும் நேரத்துக்கு எழ முடியாமல் நீர்ப்பாய்ச்சலைத் தவறவிடுகிறார்.

கை. சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்ததாகத் தோன்றி எடுத்துப் பார்த்தால் ஒன்றும் வந்திராது. இது பலருக்கும் நேர்வது, நோயன்று. நம் உடல் எந்நேரமும் அழைப்பை எதிர்நோக்கிக் காத்திருக்கிறது என்பதற்கு இது அறிகுறி.

3. உள்ளம் கூறுவன

ஒப்பீடு. தம் திறமையையும் நிலைமையையும் அளக்க வேறு அளவுகோல் இல்லாத இடத்தில், மனிதன் தன்னைப் பிறரோடு ஒப்பிட்டே அளக்கிறான் என்பதை லியோன் ஃபெஸ்டிங்கர் என்னும் உளவியலாளர் 1954-ஆம் ஆண்டில் விளக்கினார். முன்னே நாம் ஒப்பிட்டது அடுத்த தறியோடும் அடுத்த வயலோடும். அவர்களுடைய பாவு சிக்கியதையும் பயிர் சாய்ந்ததையும் கூடவே பார்த்தோம். இன்று ஒப்பிடுவது உலகத்தில் உள்ளவர் யாவரும் தேர்ந்தெடுத்துக் காட்டும் நல்ல நாட்களோடு. எங்கோ ஒருவர் தம் சேலை பெருவிலைக்குப் போயிற்று என்று இன்ஸ்டாகிராமில் படம் இடுகிறார். திரும்பி வந்த பார்சல்களும், விற்காமல் அடுக்கிக் கிடக்கும் இருப்பும், விளம்பரத்துக்குக் கொடுத்த பணமும் அப்படத்தில் இல்லை. நம் சங்கத்தின் ஆண்டறிக்கையில் இலாபமும் நட்டமும் இரண்டும் இருக்கும். அந்தப் படமோ வரவுப் பக்கம் மட்டும் உள்ள ஏடு. அதைப் பார்த்துத் தம் தொழிலையே வெறுக்கத் தொடங்கும் இளைஞர் உண்டாயின், அவருக்கு இக்கணக்கின் குறையை எடுத்துச் சொல்வது நம் கடமை.

காத்திருத்தல். 2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அனுப்பிய செய்தி படிக்கப்பட்டது என்பதைக் காட்டும் நீலக் குறியை வாட்ஸ்அப் கொண்டுவந்தது. அதற்கு முன் பதில் வராவிடில், ‘வேலையாக இருப்பார்’ என்று எண்ணினோம். இப்போது, ‘பார்த்தும் பதில் சொல்லவில்லை’ என்று எண்ணுகிறோம். மனிதர் மாறவில்லை. ஒரு சிறு குறி நம் எண்ணத்தை மாற்றிற்று. சம்பந்தி வீட்டாருக்கு இடையிலும், சங்க நிர்வாகிக்கும் அங்கத்தினருக்கும் இடையிலும் இதனால் உண்டான மனத்தாங்கல்கள் சிலவல்ல.

சினமும் அச்சமும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டில் முடிவு கூறினர். பொய்ச் செய்தி மெய்ச் செய்தியைவிட விரைவாகவும் விரிவாகவும் பரவிற்று. 1,500 பேரை எட்டுவதற்கு மெய்க்கு ஆன காலம் பொய்க்கு ஆனதைப் போல் ஆறு மடங்கு. பொய்க்கு வந்த பதில்களில் வியப்பும் அருவருப்பும் மிகுந்திருந்தன. நெஞ்சு பதறும்படி வருவதை நாம் நின்று சிந்திக்காமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். அதே 2018-ஆம் ஆண்டில் குழந்தை பிடிப்பவர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் நம் நாட்டில் பல மாநிலங்களில், தமிழ்நாட்டிலும் கூட, குற்றமற்றவர்கள் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின் ஜூலை மாதத்தில், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. எந்திரத்தில் வைத்த வரம்பு போதாது. நெஞ்சு பதறும்போது விரல் நிற்கப் பழகவேண்டும்.

ஒட்டிக்கொள்ளும் உணர்ச்சி. 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், 6,89,003 பேருடைய பக்கங்களில் ஒரு வாரம், சிலருக்கு மகிழ்ச்சியான செய்திகளையும் சிலருக்குத் துயரமான செய்திகளையும் குறைத்துக் காட்டிற்று. மகிழ்ச்சியானவை குறைந்தவர்கள் தாமும் சற்றே சோர்வான சொற்களை எழுதினர். துயரமானவை குறைந்தவர்கள் சற்றே உவகையான சொற்களை எழுதினர். மாறுதல் மிகச் சிறியதே. எனினும் 2014-ஆம் ஆண்டில் இது வெளியானபோது, தம்மைக் கேளாமலே தம் மனநிலையைச் சோதித்துப் பார்த்தனர் என்று மக்கள் கண்டித்தனர். நாம் கொள்ளவேண்டிய பாடம், காரணம் தெரியாத சோர்வு வந்தால், கடந்த அரை மணியில் என்ன பார்த்தோம் என்று கேட்டுக்கொள்வது.

4. கவனித்தலே பயன் தருமா?

‘இவ்வளவையும் கவனித்து என்ன ஆகும்?’ என்று சிலர் வினவலாம். அவர்களுக்கு மூன்று ஆராய்ச்சிகளின் முடிவைச் சொல்லுவோம்.

2013-ஆம் ஆண்டில் வெளியான மிச்சிகன் ஆராய்ச்சியில் 82 பேருக்குப் பதினான்கு நாள், நாளொன்றுக்கு ஐந்து முறை, ‘இப்போது எப்படி உணர்கிறீர்கள்?’ என்று கேட்டுச் செய்தி அனுப்பினர். ஒரு வினாவுக்கும் அடுத்த வினாவுக்கும் இடையில் ஃபேஸ்புக்கை மிகுதியாகப் பார்த்தவர்கள், அடுத்த வினாவின்போது முன்னிலும் சோர்ந்திருந்தனர். மனிதரோடு நேராகப் பேசிக் கழித்த பொழுதுக்கு இத்தீங்கு காணப்படவில்லை. தறிமேடையிலும் களத்துமேட்டிலும் பேசிய பேச்சு வீண்பேச்சு அன்று என்பதற்கு இது ஒரு சான்று.

2018-ஆம் ஆண்டில் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியில் 143 மாணவர்கள் பங்குகொண்டனர். ஒரு சாராரை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் என்னும் மூன்றையும் ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பாராதிருக்கச் சொன்னார்கள். மறு சாரார் வழக்கம்போல் பார்த்தனர். மூன்று வாரம் கழித்து, குறைத்தவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. இதில் வியப்பான செய்தி வேறொன்று. பதற்றமும், ‘ஏதோ தவறவிட்டுவிட்டோம்’ என்னும் ஏக்கமும் இரு சாராரிடமும் குறைந்தன. வழக்கம்போல் பார்த்தவர்கள் செய்த புதுமை ஒன்றுதான்: அவர்களும் தம் கைபேசி எவ்வளவு நேரம் எதற்குச் செலவாயிற்று என்னும் கணக்கை நாள்தோறும் ஆய்வாளரிடம் கொடுத்து வந்தனர். தம்மைத் தாமே கவனித்ததன் பயனாக இது இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

மூன்றாவது, உணர்ச்சிக்குப் பெயரிடுதல் பற்றியது. 2007-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் வெளியான ஆராய்ச்சியில், சினந்த முகத்தின் படத்தையோ அஞ்சிய முகத்தின் படத்தையோ பார்த்தவர்கள், ‘இது சினம்’, ‘இது அச்சம்’ என்று பெயர் தேர்ந்து சொன்னபோது, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் கிளர்ச்சி தணிந்தது. ‘எனக்கு இப்போது பொறாமையாக இருக்கிறது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுதல் சிறுமையன்று. அது தணிவுக்கு முதற்படி ஆகலாம்.

மறுபுறமும் கூறுதல் நேர்மை. மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர்களின் விவரங்களை ஆராய்ந்த ஆக்ஸ்போர்டு அறிஞர்கள், அவர்களுடைய நலத்தில் காணும் வேற்றுமையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவாகவே திரைப் பயன்பாட்டால் விளங்குகிறது என்று 2019-ஆம் ஆண்டில் கூறினர். அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டில் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை விட்டிருந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சிற்று. மனநலமும் சிறிது உயர்ந்தது. ஆனால் நாட்டு நடப்பு அறிவு குறைந்தது. ஆகவே யாவருக்கும் ஒரே தீங்கு என்றோ, விட்டுவிட்டால் யாவும் நலம் என்றோ கூறுவதற்கில்லை. சராசரி மழையளவைக் கொண்டு எந்தக் கிணற்றில் நீர் உள்ளது என்று சொல்ல முடியாது. அவரவர் கிணற்றை அவரவர் எட்டிப் பார்க்கவேண்டும்.

5. ஏழு நாள் கணக்கு

ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். பக்கத்தில் ஐந்து கட்டங்கள் கோடிடுக. முதற்கட்டத்தில் நேரம். இரண்டாவதில் கைபேசியை எடுத்த காரணம். மூன்றாவதில் உண்மையில் பார்த்தது. நான்காவதில் வைத்தபின் உடல்நிலை. ஐந்தாவதில் வைத்தபின் மனநிலை, ஒரே சொல்லில். ஒவ்வொரு முறையும் எழுத இயலாது. காலை, நண்பகல், மாலை, படுக்குமுன் என நான்கு வேளை எழுதினால் போதும்.

மாதிரிக்கு இரண்டு வரிகள்:

காலை 6.10. மழை உண்டா என்று பார்க்க எடுத்தேன். மழை அறிவிப்பு ஒரு நிமிடம். பிறர் ஸ்டேட்டஸ் இருபது நிமிடம். கழுத்து இறுக்கம். எரிச்சல்.

மாலை 7.30. வெளியூரில் இருக்கும் மகளோடு பேச எடுத்தேன். பதினைந்து நிமிடம் முகம் பார்த்துப் பேசினேன். உடல் இலேசு. நிறைவு.

இவ்விரண்டும் ஒரே கருவியில் நிகழ்ந்தவை. ஒன்றில் எடுத்த காரணமும் பார்த்த பொருளும் வேறாயின, மற்றதில் ஒன்றாயின. பலருடைய ஏட்டிலும் இவ்வேற்றுமையே முதலில் கண்ணுக்குப் படக்கூடும். பயன்பாட்டு நேரத்தைக் கைபேசியே கணக்கிட்டுக் காட்டும் வசதியும் 2018-ஆம் ஆண்டு முதல் வந்துள்ளது. அமைப்புகள் பகுதியில் அதைக் காணலாம். ஆனால் அது நேரத்தை மட்டும் சொல்லும். கழுத்தையும் மனத்தையும் நாமே எழுதவேண்டும்.

இந்த ஏழு நாளிலும் எதையும் குறைக்க முயல வேண்டாம். தம்மைத் தாமே கடிந்துகொள்ளவும் வேண்டாம். இருப்பு எடுக்கும் நாளில் சரக்கை இடம் மாற்றினால் கணக்கு குழம்பும்.

6. கணக்கு முடித்த பின்

எட்டாம் நாள் ஏட்டைப் படித்து, எது நிறைவு தந்தது, எது சோர்வு தந்தது என்று பிரித்திடுக. நிறைவு தந்ததை வைத்துக்கொள்க. சோர்வு தந்தவற்றுள் ஒன்றை மட்டும் முதலில் மாற்றுக. கீழ்க்கண்டவை எளியவை.

தறியில் அமரும்போதும் மருந்து தெளிக்கும்போதும் கைபேசி கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். மனிதர் அழைக்கும் மணியைத் தவிர ஏனைய அறிவிப்பு ஒலிகளை நிறுத்துக. நீலக் குறி மனத்தை உறுத்தினால் அதை அணைத்து வைக்கலாம். படுக்கும் அறைக்கு வெளியே கைபேசியைச் சார்ஜில் இடுக. விடியலில் எழ, ஒரு கடிகாரம் வாங்குவது பெருஞ்செலவன்று. நெஞ்சு பதறச் செய்யும் செய்தி எதையும் மூன்று முறை மூச்சு இழுத்து விட்ட பிறகே பிறருக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்க. பெரியவர்கள் இவற்றைச் செய்து காட்டாமல் பிள்ளைகளை மட்டும் கடிவதால் பயனில்லை.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே நெறி பொருந்தும். கூலி, விலை, சரக்கு வரவு, கூட்ட அறிவிப்பு ஆகியவை மட்டும் அதில் இடம் பெறட்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் செய்தி இடாதிருத்தல் நன்று. விலை வீழ்ந்ததாக எங்கிருந்தோ வந்த செய்தியைச் செயலாளரிடம் உறுதி செய்யாமல் இடலாகாது. வதந்தியால் பயந்து விற்ற மூட்டையை மீட்க முடியாது. ஒருவர்மேல் குறை இருந்தால் அதைக் குழுவில் எழுதாமல் கூட்டத்தில் எழுந்து நேரே கூறவேண்டும். முகம் பார்த்துச் சொன்ன சொல்லுக்கு விளக்கம் உடனே கிடைக்கும்.

ஒரு வேண்டுகோள். கணக்கை எழுதி வருகையில், இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை நீங்காமல் இருப்பதாகக் கண்டால், கைபேசியைக் குறைத்தால் சரியாகும் என்று காத்திராமல் அரசு மருத்துவமனையை நாடுக. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போன்றதே இதுவும். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

கலந்துரையாடுவதற்குரிய வினாக்கள்

1. நேற்றுக் கைபேசியை எதற்காக எடுத்தீர்கள்? எடுத்த காரியம் முடிந்தபின் எவ்வளவு நேரம் கையில் இருந்தது?

2. உங்கள் உடலில் முதலில் களைப்பைக் காட்டும் உறுப்பு எது? கண்ணா, கழுத்தா, தோளா? எத்தனை நேரத்தில் காட்டுகிறது?

3. சென்ற மாதத்தில் உங்களைச் சினங்கொள்ளச் செய்த செய்தி ஒன்றைக் கூறுக. அது மெய்யா என்று எவ்வாறு அறிந்தீர்கள்?

4. நம் சங்கக் குழுவால் விளைந்த நன்மை ஒன்றையும் மனத்தாங்கல் ஒன்றையும் பெயர் குறிப்பிடாமல் எடுத்துரைக்க. அதனைத் தடுக்க என்ன விதி செய்யலாம்?

5. கைபேசி வருமுன் ஓய்வு நேரத்தில் நம் தெருவில் என்ன செய்தோம்? அவற்றுள் எதை மீண்டும் தொடங்கலாம்?

ராக்டேலில் 1844-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடையைத் தொடங்கிய முன்னோடிகளுள் நெசவாளர்கள் பலர். அவர்கள் மாவையும் வெண்ணெயையும் சரியான எடையில் விற்றதோடு நில்லாமல், பின்னர் வாசகசாலை ஒன்றும் அமைத்து, உபரியில் ஒரு பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். என்ன வாசிக்கிறோம், அது நம்மை என்ன செய்கிறது என்பதையும் கூடிப் பேசுவது கூட்டுறவுக்குப் புறம்பானதன்று. ஆகவே ஒவ்வொரு கிளையின் ஆய்வு வட்டமும் இம்மாதத்தில் ஒரு நாள் கூடி, ஏழு நாள் கணக்கை எழுதியவர்களைப் பேசச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஏட்டைப் பிறருக்குக் காட்டவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. எழுதியவர் தம் மனத்துக்கு உண்மையாக எழுதினால் போதுமானது.